கணினி ஸ்பீக்கரில் இரைச்சல்: கடைக்குக் கொண்டு போகுமுன் வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரே ஸ்பீக்கர் தொகுதியை மூன்று தடவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். வீட்டில் உறுமும். கடை மேசையில் மாட்டினால் மூச்சுக் காட்டாது. "இதில் ஒரு பழுதும் இல்லைத் தம்பி" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் பழைய உறுமல். இருவர் சொன்னதும் உண்மைதான். உறுமல் பிறந்தது அவருடைய வீட்டு மின்னிணைப்பில். ஸ்பீக்கர் அதை வெளியே சொல்லிக்கொண்டிருந்தது.

சனசமூக நிலையத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இதே தவறைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். இரைச்சல் கேட்டதும் முதலில் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள், பிறகு வயரை மாற்றுகிறார்கள், பிறகு விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுகிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் தற்செயலாகப் பிளக்கை வேறு இடத்தில் குத்த, சத்தம் நின்றுவிடுகிறது.

ஆகவே இங்கே வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். காசு செலவில்லாமல் கழற்றிப் பார்க்கும் வேலைகள் முதலில், வாங்கும் வேலை கடைசியில். படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு படியில் கிடைக்கும் விடைதான் அடுத்து எங்கே போவது என்பதைச் சொல்லும்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

இயர்போன் துளை உள்ள ஒரு கைத்தொலைபேசி வேண்டும். உங்களுடையதில் அந்தத் துளை இல்லாவிட்டால் வீட்டில் மூலையில் கிடக்கும் பழையது போதும், சிம் கூடத் தேவையில்லை. அதில் நிறையச் சார்ஜ் இருக்க வேண்டும். ஏனென்றால் அதைச் சார்ஜரில் மாட்டாமலேயே பயன்படுத்தப் போகிறோம். மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒலிமூலம் ஒன்று கையில் இருப்பதுதான் இந்தச் சோதனை முழுவதற்கும் அச்சாணி.

இன்னொரு ஒலி வயர், ஒரு இயர்போன், ஒரு பவர் பாங்க், ஒரு டோர்ச், சிறு விளக்கு எரியும் மின் டெஸ்டர், ஒரு தாளும் பேனாவும். பற்றரியில் ஓடும் பழைய வானொலிப் பெட்டி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். எட்டாவது படியில் அதற்கு வேலை இருக்கிறது.

இரவு எட்டு மணிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. பகலில் சுற்றாடல் சத்தத்தில் மெல்லிய சீறல் காதில் விழாது. மின்விசிறியை நிறுத்துங்கள். யன்னலைச் சாத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன நடந்தது என்று தாளில் எழுதுங்கள். இரண்டு வயரை ஒன்றாக மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது, ஆனால் எதனால் என்று தெரியவில்லை" என்று நிற்பவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள்.

2. சத்தத்தைக் கேட்டு அதற்கு ஒரு பெயர் வையுங்கள்

"இரைகிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. பாட்டு எதுவும் ஓடாத நேரத்தில், வழமையான ஒலியளவில் வைத்து, காதைக் கிட்டக் கொண்டு போய் ஒரு நிமிடம் கேளுங்கள்.

தூரத்தில் நீர்ப்பம்பி ஓடுவது போன்ற தாழ்ந்த உறுமல்: இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஹேர்ட்ஸ் அப்படியே ஒலியாக வருகிறது. எர்த் இணைப்பில், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் இணைப்பில் சிக்கல், அல்லது மின் வயர் ஒலி வயருக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த, வண்டு இரைவது போன்ற சத்தம்: 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஸ்பீக்கருக்குள் மின்சாரத்தை நேராக்கும் பகுதி களைத்துப் போயிருக்கலாம். விசிறி ரெகுலேட்டரும் இதே மாதிரி இரையும்.

தூரத்து மழை போன்ற சீறல்: பெரும்பாலும் ஒலியளவுகளை ஏறுமாறாக வைத்ததன் விளைவு.

மவுஸை அசைக்கும்போது, கோப்பைத் திறக்கும்போது மாறும் கீச்சொலி: கணினியின் உள்மின்சாரம் ஒலிப்பாதையில் கலக்கிறது.

தேக்கஞ் சருகில் நடப்பது போன்ற கரகரப்பு: தளர்ந்த துளை, அழுக்கேறிய ஒலிக் குமிழ், அல்லது மென்பொருள்.

"டிட்டி டிட், டிட்டி டிட்" என்ற துடிப்பு: கைத்தொலைபேசி. இதற்கு மேற்கொண்டு சோதனையே தேவையில்லை, எட்டாவது படிக்குப் போகலாம்.

ஒரே ஸ்பீக்கரில் இரண்டு மூன்று சத்தங்கள் ஒன்றாக இருக்கலாம். உறுமலைத் தீர்த்த பிறகு, அதுவரை மறைந்திருந்த சீறல் வெளியே வரும். "புதுப் பழுது வந்துவிட்டது" என்று அப்போது பதற வேண்டாம். அது முன்பும் இருந்தது.

3. ஸ்பீக்கர் பக்கமா, கணினிப் பக்கமா?

ஸ்பீக்கரை நிறுத்தி, கணினியின் பச்சைத் துளையில் இருக்கும் முனையைக் கழற்றிக் கைத்தொலைபேசியில் செருகுங்கள். தொலைபேசி சார்ஜரில் இருக்கக் கூடாது. பாட்டு எதையும் ஓட விடாமல், ஸ்பீக்கரைப் பழைய ஒலியளவிலேயே மறுபடி போடுங்கள்.

இரைச்சல் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் நல்லது. கணினியிலோ, கணினியும் ஸ்பீக்கரும் சேரும் இடத்திலோ சிக்கல் இருக்கிறது. ஐந்தாவது படிக்குப் போங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் நான்காவது படிக்குப் போங்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். முனையைக் கணினியிலிருந்து கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டுக் கேட்கிறார்கள். எதிலும் செருகாத வயர் காற்றில் உள்ள மின்புலத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும். நுனியில் விரல் பட்டால் 'ம்ம்ம்' என்று அலறும். நல்ல ஸ்பீக்கரும் அலறும். அதைக் கேட்டு ஸ்பீக்கரைப் பழுது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முனை எப்போதும் எதிலாவது செருகியிருக்க வேண்டும். அல்லது ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து, சிவப்பு வெள்ளை முனைகளோடு வயரை முழுதாகக் கழற்றிவிட வேண்டும்.

4. இரைச்சல் ஸ்பீக்கர் பக்கம் என்றால்

ஒலிக் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள்.

பூச்சியத்திலும் அதே அளவு உறுமினால், சத்தம் குமிழுக்குப் பின்னால், மின்பகுதியில் பிறக்கிறது. குமிழோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், முன்னால் எங்கோ நுழைகிறது. முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் அது ஒரு நிமிட வேலை. பிறகு ஸ்பீக்கரை வேறொரு அறையின் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே அமைதி என்றால் எட்டாவது படி. எங்கே போனாலும் உறுமினால் ஒன்பதாவது படி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சத்தம் கூம்பிலிருந்து வருகிறதா, பெட்டியின் உடம்பிலிருந்து வருகிறதா? பெரிய பாஸ் பெட்டிக்குள் உள்ள ட்ரான்ஸ்போமர் தானாகவே அதிரும். அது ஒலிப்பாதையில் கலந்த சத்தம் அல்ல. கையை மேலே வைத்து அழுத்தினால் மாறும். அடியில் நாலு ரப்பர்த் துண்டு வைத்து, திருகாணிகளை இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

5. எர்த்: இல்லாத வீடும், இரண்டாக இருக்கும் வீடும்

உறுமல் வழக்குகளில் நான் அதிகம் மினைக்கெடுவது இந்த இடத்தில்தான், நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

முதலில் எர்த் இல்லாத வீடு. கணினிப் பெட்டியின் மின்வழங்கிக்குள், உள்ளே பிறக்கும் மின்கசடை எர்த்துக்கு அனுப்பும் சிறு கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் உலோக உடம்பு முழுவதும் கிட்டத்தட்ட அரைப்பங்கு மின்னழுத்தத்தில் மிதக்கும். வெறுங்காலுடன் நின்று பெட்டியின் பின்புறம் பட்டால் 'சுள்' என்று எறும்பு கடித்தது போல் இருக்குமே, அது இதுதான். அந்தக் கசிவு வெளியேற வழி தேடி ஒலி வயரின் வெளிச்சுற்று வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். அங்கே உறுமும்.

இதை உறுதிப்படுத்தப் பெட்டியின் உடம்பைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். டெஸ்டரின் நுனியைப் பெட்டியின் பூச்சுப்படாத உலோகத்தில் வையுங்கள். விளக்கு எரிந்தால் கணினியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அது சாதாரணக் கசிவாகவும் இருக்கலாம், உள்ளே உண்மையான ஒழுக்காகவும் இருக்கலாம். டெஸ்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் எர்த் அறுபடும் இடங்கள் எனக்குப் பழகிப்போனவை. வேலி அடைக்கும்போதோ வாழைக்குப் பாத்தி கட்டும்போதோ மண்வெட்டி பட்டு, எர்த் கம்பிக்குப் போகும் வயர் அறுந்திருக்கும். கம்பியின் தலையில் உள்ள கவ்வி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். சுவருக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், கணினி மாட்டியிருக்கும் மலிவான மல்டிபிளக்கில் எர்த் துளை வெறும் ஓட்டையாக, உள்ளே தகடே இல்லாமல் இருக்கும். ஆகவே முதலில் மல்டிபிளக்கைத் தவிர்த்து, கணினியை நேரே சுவர்ப் பிளக்கில் குத்திப் பாருங்கள். பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும்.

இலங்கையில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டை முள்ளும் 13 ஆம்பியர் சதுர முள்ளும் கலந்து பாவிக்கப்படுவதால் இன்னொரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. சதுரத் துளையின் எர்த் வாயில் பேனையைச் செருகி மூடியைத் திறந்து, இரண்டு முள்ளை உள்ளே தள்ளுவது. முள் தளர்வாக நிற்கும், பொறி பறக்கும், ஸ்பீக்கரில் கரகரக்கும். ஒரு நாள் பிளக்கே கருகும். சரியான பிளக்கை மாற்றிப் போடுங்கள்.

"ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்தினேன், விழுந்தது, ஆகவே எர்த் சரி" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும்.

இனி எர்த் இரண்டாக இருக்கும் வீடு. கணினி ஒரு பிளக்கில், மூன்று முள் அம்பிளிஃபயர் மண்டபத்தின் மறுகோடியில் உள்ள வேறொரு பிளக்கில். இரண்டுக்கும் எர்த் உண்டு. ஒலி வயர் இரண்டையும் இணைக்கிறது. இப்போது எர்த் வயரும் ஒலி வயரும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகிவிட்டன. அந்த வளையத்துக்குள் மின்காந்தப் புலம் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பாடசாலை மண்டபங்களில் கணினி, புரொஜெக்டர், அம்பிளிஃபயர் மூன்றையும் சேர்த்ததும் எழும் உறுமல் பெரும்பாலும் இதுதான். செய்மதித் தொலைக்காட்சியின் கேபிள் எங்காவது தொட்டாலும் இதே வளையம் உருவாகும்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கில் குத்திய ஒரு நல்ல மல்டிபிளக்கிலிருந்து எடுங்கள். எர்த் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போது வளையம் சுருங்கிவிடும். கணினி, திரை, ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து இழுப்பது சில நூறு வாட் மட்டுமே, 13 ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். அதே மல்டிபிளக்கில் உடுப்புத் தேய்க்கும் மின்னழுத்தியை மாட்டிவிடாதீர்கள். தூரம் காரணமாக ஒரே பிளக்குக்குக் கொண்டுவர முடியாவிட்டால், ஒலி வயரின் நடுவில் போடும் எர்த் தனிப்படுத்தி ஒன்று வாங்கலாம். உள்ளே இரண்டு சிறு ட்ரான்ஸ்போமர்கள் இருக்கும். ஒலி காந்தம் வழியாகத் தாண்டிப் போகும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். மலிவானவற்றில் பாஸ் சற்றுக் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதது: எர்த் முள்ளை முறிப்பது, பிளக்குக்குள் எர்த் வயரைக் கழற்றுவது. உறுமல் நின்றுவிடும், அது உண்மை. அதனால்தான் இந்தக் கைவேலை ஊர் ஊராகப் பரவுகிறது. ஆனால் அம்பிளிஃபயருக்குள் ஒரு வயர் உருகி உடம்பில் பட்டால், அடுத்து மைக்கைப் பிடிப்பவரின் கை எர்த் கம்பியாகிவிடும். சத்தத்தைச் சகித்துக்கொண்டு நிகழ்ச்சியை முடியுங்கள், முள்ளை முறிக்காதீர்கள்.

6. மடிக்கணினியும் யூஎஸ்பி ஸ்பீக்கரும்

மடிக்கணினி என்றால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டிபிளக்கில் மாட்டுங்கள். தீராவிட்டால் மேலே சொன்ன தனிப்படுத்தி. இணையவழி வகுப்புக்கு மட்டும் என்றால் வகுப்பு நேரத்தில் பற்றரியிலேயே ஓட்டினாலும் போதும்.

யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் சிக்கல் வேறு. மின்சாரம் ஒரு வயரிலும் ஒலி இன்னொரு வயரிலும் ஒரே கணினியிலிருந்து வருவதால், வளையம் கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலேயே உண்டாகிறது. மவுஸை அசைத்தால் கீச்சிடுவது இதனால்தான். யூஎஸ்பி முனையைக் கணினியிலிருந்து கழற்றிப் பவர் பாங்கில் செருகுங்கள். கீச்சொலி மறைந்தால், இனிமேல் அதைத் தொலைபேசிச் சார்ஜரில் போட்டுப் பாவியுங்கள். ஸ்பீக்கரை எறிய வேண்டிய தேவையில்லை.

7. கணினிக்குள்: துளைகள், பிறகு அமைப்புகள்

முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கத் துளைக்குப் போகும் மெல்லிய வயர் பெட்டிக்குள் விசிறி, வன்தட்டு, மின்வழங்கி எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் போகிறது. பின்பக்கத் துளை தாய்ப்பலகையிலேயே இருக்கிறது. இது பத்து வினாடி வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ட்ரைவரை (ஒலிப்பகுதியை இயக்கும் மென்பொருளை) தேடி இணையத்தில் அலைபவர்களே அதிகம்.

அடுத்தது ஒலியளவுகளின் சமநிலை. விண்டோஸில் 20, ஸ்பீக்கர்க் குமிழ் முழுதாக, இப்படி வைத்திருந்தால் சீறல் நிச்சயம். கணினியின் ஒலிப்பாதையில் உள்ள சீறல் எப்போதும் ஒரே அளவுதான். ஒலியை மெலிதாக அனுப்பிவிட்டு ஸ்பீக்கரில் பெருப்பித்தால் சீறலும் கூடவே பெருக்கும். விண்டோஸில் 80 அளவில் வைத்து, தேவையான சத்தத்தைக் குமிழால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மைக். கொன்ட்ரோல் பனலில் சவுண்டைத் திறந்து, ரெக்கோர்டிங் பகுதியில் மைக்கின் பண்புகளுக்குப் போங்கள். "லிசன் டு திஸ் டிவைஸ்" என்பதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மைக்கில் விழும் விசிறிச் சத்தமெல்லாம் ஸ்பீக்கரில் திரும்பி வரும். மைக் பூஸ்ட் 20 அல்லது 30 டெசிபலில் நின்றால் பூச்சியத்துக்குக் குறையுங்கள். வகுப்பெடுக்கும்போது எதிர்ப்பக்கத்தவர் "இரைகிறது" என்றால் அது உங்கள் மைக், நீங்கள் கேட்டால் அது உங்கள் ஸ்பீக்கர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாட்டு ஓடும்போது மட்டும் 'பட் பட்' என்று வெட்டுப்பட்டால், பிளேபாக் பகுதியில் ஸ்பீக்கரின் பண்புகளில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒலி வடிவத்தை 24 பிட், 48000 ஹேர்ட்ஸ் என்று தெரிவு செய்யுங்கள். தாய்ப்பலகை நிறுவனத்தின் ஒலி ட்ரைவரை மறுபடி நிறுவுங்கள். விண்டோஸ் முழுவதையும் அழித்து நிறுவுவதால் உறுமல் தீர்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. உறுமல் வயரிலும் மின்பகுதியிலும் பிறப்பது, அவற்றை எந்த மென்பொருளும் திருத்தாது.

இவ்வளவுக்கும் பிறகு கீச்சொலி நின்றபாடில்லை என்றால் சிறிய யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று உதவும். அது தாய்ப்பலகையின் சத்தமான ஒலிப்பகுதியைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் எர்த் வளையத்தை அது அறுக்காது, யூஎஸ்பியிலும் எர்த் ஓடுகிறது. உறுமலுக்கு இதை வாங்கி ஏமாந்தவர்களின் கணக்கில் நானும் ஒருவன்.

8. வீட்டுக்குள்ளிருந்தும் வேலியிலிருந்தும் வருபவை

கைத்தொலைபேசியின் துடிப்பு இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் உண்டாவது. தொலைபேசி விநாடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்புகிறது, ஸ்பீக்கரின் வயர் அதைப் பிடிக்கிறது. கோபுரம் தூரத்தில் இருந்தால் தொலைபேசி தன் வலுவைக் கூட்டும். அதனால் சிக்னல் குறைந்த உட்கிராமங்களில் இந்தத் துடிப்பு பெரிதாகக் கேட்கும். ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள், போதும்.

மின்விசிறியின் ரெகுலேட்டர் சிறிய இலத்திரனியல் வகை என்றால் நடு வேகத்தில் வண்டு போல இரையும். மின்னலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஸ்பீக்கரை வேறு சுற்றின் பிளக்குக்கு மாற்றுங்கள்.

மின்வெட்டில் மட்டும் இரைந்தால் யூபிஎஸ்ஸையோ சூரிய மின் இன்வேர்ட்டரையோ பாருங்கள். மலிவானவை வழுவழுப்பான அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு மாதிரியான அலையைத் தருகின்றன. ட்ரான்ஸ்போமர் உள்ள ஸ்பீக்கர் அதில் முனகும். ஸ்பீக்கரில் பழுது இல்லை. அந்த நேரத்துக்கு இயர்போன் போட்டுக்கொள்வதே மலிவான வழி.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு மாலைகள் செலவழித்தேன். விநாடிக்கு ஒரு தடவை 'டக்... டக்...' என்று ஒரு தட்டல். மின்விசிறியை நிறுத்தினோம், தொலைபேசியை முற்றத்தில் வைத்தோம், வயரை மாற்றினோம். பலனில்லை. பற்றரி வானொலியை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். தோட்டத்துப் பக்கம் போகப் போகத் தட்டல் பெருத்தது. யானை வேலி.

யானை வேலியின் மின்கருவி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை உயரழுத்தத் துடிப்பை அனுப்பும். வேலி சுத்தமாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. மழைக்குப் பிறகு புல் வளர்ந்து கம்பியில் பட்டாலோ, கம்பியைத் தூணில் படாமல் தாங்கும் மின்காப்பி வெடித்திருந்தாலோ அந்த இடத்தில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன வானொலி நிலையம். அந்த வீட்டில் இன்னொரு பிழையும் இருந்தது. வேலிக் கருவியின் எர்த்தை வீட்டு எர்த் கம்பியிலேயே கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் 10 மீற்றராவது இருக்க வேண்டும். புல்லை வெட்டி, வேலிக்குத் தனி எர்த் அடித்த பிறகு தட்டல் நின்றது. வேலியில் கை வைக்குமுன் கருவியை நிறுத்துங்கள். கருவியே இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்குக் கொடுத்திருப்பதைக் கண்டால், ஸ்பீக்கரை மறந்துவிட்டு முதலில் அதைத் துண்டிக்க வையுங்கள். அந்தக் கம்பி ஆளைக் கொல்லும்.

9. ஸ்பீக்கரின் சொந்தப் பழுதுகள்

எல்லாம் விலக்கிய பிறகு மிஞ்சுவது இது. குமிழ் பூச்சியத்திலும் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் நின்றால், மின்பகுதியின் பெரிய கொள்ளளவி காய்ந்திருக்கும். தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். விலை குறைந்த பாகம்தான். ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின் தங்கியிருக்கும், பக்கத்திலேயே 230 வோல்ட் இணைப்பும் இருக்கும். பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். திருத்துபவரிடம் "இரைகிறது" என்று சொல்லாமல், "குமிழ் பூச்சியத்திலும் இரைகிறது, தொலைபேசியில் போட்டாலும் இரைகிறது, வேறு வீட்டிலும் இரைகிறது" என்று சொல்லுங்கள். அவருடைய அரை மணி நேரம் மிச்சம்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. மின் தொடுகைகளுக்கான சுத்திகரிப்பு ஸ்ப்ரேயை, பிளக்கைக் கழற்றிவிட்டு, குமிழின் இடுக்கில் சிறிது அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். காய விட்டுப் போடுங்கள். தேங்காயெண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு வீதிப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்துவிடும். மாதம் ஒரு தடவை கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று தரம் செருகி எடுங்கள். உள்நாட்டில் எறும்பு. மாரி தொடங்கியதும் சூடான, உலர்ந்த இடம் தேடிப் பெட்டிக்குள் குடியேறும். பெட்டியின் கீழே பொடி மண் கண்டால் அதுதான். பூச்சிமருந்தை உள்ளே அடிக்க வேண்டாம், வெளியே எடுத்து ஒரு நாள் வெயிலில் வையுங்கள், தாமாகவே இடம்பெயரும்.

10. சரியான பிறகு மாட்டும் முறை

மின் வயர்கள் ஒரு பக்கம், ஒலி வயர் மறு பக்கம். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி போலச் செங்குத்தாகக் கடக்கட்டும், அருகருகே ஓட வேண்டாம். மிஞ்சிய ஒலி வயரைச் சார்ஜரின் மேலே சுருட்டி வைக்காதீர்கள்.

எந்தப் பிளக்கில் அமைதியாக இருந்ததோ அந்தப் பிளக்கிலும் முனையிலும் ஒரே நிற ஒட்டுநாடாத் துண்டு ஒட்டுங்கள். வீடு கூட்டும்போது கழற்றுபவர் திரும்ப அங்கேயே குத்துவார்.

போடும்போது கணினி முதலில், ஸ்பீக்கர் கடைசியில். நிறுத்தும்போது ஸ்பீக்கர் முதலில். கணினி எழும்போதும் அணையும்போதும் வரும் 'டம்' என்ற அடி அப்போது கூம்பில் விழாது.